கரையில் நிற்பவர்களுக்கு

ஜூன் 11

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நல்லபடியாக வீடு போய்ச் சேர்ந்தீர்களா? கிளம்புகிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ரயில் நிலையம் வரைக்கும் வந்திருப்பேன். காலையில் பார்த்தால் அறையில் நீங்களும் இல்லை, பிள்ளைகளும் இல்லை. மடித்து வைத்த போர்வைதான் இருந்தது. என் வீட்டுக்காரி உங்களுக்கு டீ போட்டு எடுத்துக்கொண்டு வந்தவள் அப்படியே அறை வாசலில் நின்றுவிட்டாள்.

நாலைந்து தடவை போன் செய்தேன். நீங்கள் எடுக்கவில்லை. பரவாயில்லை. போனை அடிக்க விட்டுவிடலாம், கடிதத்தைக் கிழித்துப் போடுவதற்காவது கையில் எடுத்தாக வேண்டுமே. அதனால்தான் எழுதுகிறேன்.

சின்னவனின் செருப்பு, பெரியவளின் கலர் பென்சில் பெட்டி, தங்கச்சியின் கண்ணாடி, மூன்றும் இங்கேயே தங்கிவிட்டன. பார்சலில் அனுப்பியிருக்கிறேன். கண்ணாடியை அவள் தண்ணீரில் இறங்குவதற்கு முன்னால் என்னிடம் கொடுத்தாள். "உப்புத் தண்ணி பட்டா உன் மாப்பிள்ளை என்னைச் சும்மா விடமாட்டார், நீ வச்சிரு" என்றாள். சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். அப்புறம் நடந்ததில் அது என் பையிலேயே நசுங்கி ஒரு பக்கக் காம்பு உடைந்துவிட்டது. அப்படியே அனுப்பியிருக்கிறேன். நீங்கள் செய்து கொடுத்த கண்ணாடி, உங்களுக்குத்தான் சரி பண்ணத் தெரியும்.

என் கையில் நீங்கள் கடித்த இடம் ஆறிவருகிறது. பிரஷ் பிடிக்க முடிகிறது. கடையில் எழுத வேண்டிய போர்டுகள் குவிந்து கிடக்கின்றன. ஒரு மருந்துக் கடைக்காரர் தினமும் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் போகிறார். ஊருக்கே விஷயம் தெரியும். தங்கச்சியைக் கடல் கொண்டுபோன வீடு என்று எங்கள் தெருவைக் கடக்கும்போது பேச்சைக் குறைத்துக்கொள்கிறார்கள்.

பிள்ளைகளைக் கேட்டதாகச் சொல்லுங்கள். நீங்கள் சாப்பிடுங்கள்.

என்றும் உங்கள்
மச்சான்


ஜூன் 24

மச்சானுக்கு,

பார்சல் வந்து சேர்ந்தது. பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்கள். நான் கடைக்குப் போகிறேன். இனி அனுப்ப வேண்டியது எதுவும் அங்கே இருக்காது என்று நினைக்கிறேன்.

எழுத வேண்டாம்.


ஆகஸ்ட் 3

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

எழுத வேண்டாம் என்று எழுதியிருந்தீர்கள். அதை எழுதுவதற்காகவாவது பேனாவைத் திறந்தீர்களே என்று எடுத்துக்கொண்டேன். கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்கள் கண்ணாடிக் கடைக்குப் பெயர்ப் பலகை எழுத வந்த இடத்தில்தானே உங்களை முதலில் பார்த்தேன். மூன்று நாள் ஏணி மேலே நின்று எழுதினேன். நீங்கள் கீழே நின்று "அந்த எழுத்து கொஞ்சம் சாஞ்சிருக்கு" என்று சொல்லிக்கொண்டே இருந்தீர்கள். இவ்வளவு கறாரான ஆள் தங்கச்சியை நன்றாகப் பார்த்துக்கொள்வான் என்று அப்போதே மனசில் போட்டுக்கொண்டேன். பார்த்துக்கொண்டீர்கள். அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

சாயங்காலம் கடையைச் சாத்திவிட்டு இப்போதெல்லாம் கடற்கரைக்குப் போகிறேன். வீட்டுக்காரி திட்டுகிறாள். போகாமல் இருந்தால் இன்னும் மோசமாக இருக்கிறது. அங்கே ஒரு தகர போர்டு உண்டு, நீங்கள் கவனித்திருக்க மாட்டீர்கள். நானும் இத்தனை வருஷம் கவனித்ததில்லை, போர்டு எழுதுகிறவன் நான். "குளிப்பது ஆபத்து" என்று எழுதியிருந்திருக்கிறது. "குளிப்பது" மட்டும்தான் மிச்சம். வருகிறவர்கள் அதில் துண்டைக் காயப்போடுகிறார்கள்.

தண்ணீரில் நிற்கிறவர்களிடம் போய்ச் சொல்லிப் பார்த்தேன். ஒருத்தர், "நீங்க யாருங்க, லைஃப்கார்டா?" என்றார். போர்டு எழுதுகிறவன் என்றேன். அவர் வீட்டாரெல்லாம் சிரித்தார்கள். என் தங்கச்சி இந்த இடத்தில்தான் போனாள் என்றதும் சிரிப்பு நின்றது. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனார்கள். கொஞ்ச தூரம் தள்ளிப் போய் மறுபடி இறங்கினார்கள்.

நான் பிள்ளைகளுக்குத் தாய்மாமன். அதை நீங்களும் மாற்ற முடியாது, நானும் மாற்ற முடியாது. பெரியவளை ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். படம் வரைந்து அனுப்பினால்கூடப் போதும்.

உங்கள்
மச்சான்


ஆகஸ்ட் 19

மச்சானுக்கு,

பெரியவள் உங்களுக்கு எழுதுவதாகச் சொல்லித் தாளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அப்புறம் என்னிடம் வந்து, "அப்பா, மாமா ஏன் உங்களைப் பிடிச்சு அமுக்குனாங்க? அம்மா தண்ணிக்குள்ளதானே இருந்தாங்க?" என்று கேட்டாள்.

எனக்குப் பதில் தெரியாது. உங்களைத்தான் கேட்க வேண்டும். எழுத வேண்டாம் என்று நான் சொன்னது இதைக் கேட்டுவிடக் கூடாது என்பதற்காகத்தான். நீங்கள் விடவில்லை. எனவே கேட்கிறேன்.

உங்களுக்கு நீந்தத் தெரியும். அண்ணனும் தங்கச்சியும் நகராட்சி நீச்சல் குளத்தில் போட்டி போட்ட கதையை அவள் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள். ஜெயிக்கிறது எப்பவும் எங்கண்ணன்தான் என்பாள். எனக்கு நீந்தத் தெரியாது. தெரியாத நான் ஓடினேன். தெரிந்த நீங்கள் ஓடவில்லை. ஓடாததோடு நின்றிருந்தாலும் மன்னித்திருப்பேன், பயம் யாருக்கும் வரும். என்னைப் பின்னாலிருந்து பிடித்து இழுத்து மணலில் தள்ளி மேலே படுத்துக்கொண்டீர்கள். என் முதுகில் உங்கள் முழு எடையும் இருந்தது. என் முகம் மணலில் இருந்தது.

அவள் கடைசியாக எப்படி இருந்தாள் என்று நான் பார்க்கவில்லை. மறுநாள் கரை ஒதுங்கியதைத்தான் பார்த்தேன். அதற்கு முந்தையதை நீங்கள் பார்த்தீர்கள். அது என்னுடையது, மச்சான். நான் பார்த்திருக்க வேண்டியது. அதையும் நீங்கள் எடுத்துக்கொண்டீர்கள்.

இங்கே எல்லாரும் ஒரே மாதிரி சொல்கிறார்கள், "உங்க மச்சான் மட்டும் இல்லேன்னா உங்களையும் இழந்திருப்போம்" என்று. கடைக்கு வருகிறவர்கள்கூடச் சொல்கிறார்கள். லென்ஸைத் துடைத்துக்கொண்டே கேட்டுக்கொள்கிறேன்.

ஒன்றுக்கு மட்டும் பதில் எழுதுங்கள். கடைசியில் அவள் ஏதாவது சொன்னாளா? யாரைக் கூப்பிட்டாள்? ஆறுதல் எழுத வேண்டாம். நடந்ததை எழுதுங்கள்.


ஆகஸ்ட் 27

மாப்பிள்ளைக்கு,

நீங்கள் கேட்டதற்கு முதலில் பதில். அவள் எதுவும் சொல்லவில்லை. உங்களையும் கூப்பிடவில்லை, என்னையும் கூப்பிடவில்லை. மூச்சு வாங்கவே அவளுக்கு நேரம் போதவில்லை.

"அவரைப் பிடிச்சுக்கோ அண்ணா" என்று அவள் கத்தினாள் என உங்களுக்கு எழுதிவிடலாமா என்று யோசித்தேன். மறைக்கவில்லை, ஒரு தாளில் எழுதியும் பார்த்தேன். நீங்கள் நம்பியிருப்பீர்கள். கொஞ்ச நாள் போனால் நானே நம்பியிருப்பேன். ஆனால் அவள் அப்படிச் சொல்லவில்லை. தாளைக் கிழித்துவிட்டேன்.

நடந்தது இதுதான். சின்னவன் உடம்பெல்லாம் மணல். அப்படியே வண்டியில் ஏற்ற வேண்டாம், கழுவிவிடுகிறேன் என்று அவள் கூட்டிக்கொண்டு போனாள். இரண்டு பக்கமும் அலை வெள்ளையாக உடைந்துகொண்டிருந்தது. நடுவில் ஓர் இடம் மட்டும் நுரை இல்லாமல் அமைதியாக இருந்தது. அவள் பார்த்துப் பார்த்து அந்த இடத்துக்குத்தான் போனாள். பிள்ளைக்கு அலை வேண்டாம் என்றுதான். முழங்கால் தண்ணீர்கூட இல்லை. அவள் கடலுக்கு முதுகைக் காட்டிக் குனிந்து அவன் காலைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். அதுவரைக்கும் சின்னச் சின்னதாக வந்துகொண்டிருந்த அலை, திடீரென்று பெரியதாக ஒன்று, அதன் பின்னாலேயே இன்னொன்று. முதல் அலையில் விழுந்தாள். விழுந்த நிலையிலேயே சின்னவனைக் கரைப் பக்கம் தள்ளினாள். நான் அவன் சட்டையைப் பிடித்துத் தூக்கி என் வீட்டுக்காரியிடம் கொடுத்தேன். திரும்பிப் பார்த்தால் அவள் ஒரு தெரு நீளம் தள்ளி இருந்தாள். மாப்பிள்ளை, திரும்புகிற நேரம்தான்.

நான் செருப்பைக் கழற்றிவிட்டேன். நீங்கள் அதைப் பார்த்திருக்க மாட்டீர்கள். போகத்தான் கழற்றினேன். அப்போது நீங்கள் என்னைத் தாண்டி ஓடினீர்கள். தண்ணீர் உங்கள் இடுப்புக்கு வந்துவிட்டது. உங்களைப் பிடித்தேன். பிடித்த பிறகு இரண்டில் ஒன்றுதான். விட்டால் நீங்கள் போவீர்கள். விடாவிட்டால் நான் போக முடியாது.

யோசித்து முடிவு செய்தேன் என்று சொல்ல மாட்டேன். கரையில் என் வீட்டுக்காரியின் இரண்டு பக்கமும் பிள்ளைகள் நின்றார்கள், அது கண்ணில் பட்டது. கை விடவில்லை. அவ்வளவுதான். நான் போயிருந்தால் அவளைக் கொண்டுவந்திருப்பேனா? தெரியாது. இன்றுவரை தெரியாது. போட்டியில் எப்போதும் நான்தான் ஜெயித்தேன் என்று அவள் சொன்னது நிஜம்தான்.

அவள் எங்கள் பக்கம் பார்த்தாள். கையைத் தூக்கவில்லை, பார்த்தாள். கண்ணாடி என் பையில் இருந்தது. அந்தத் தூரத்தில் அவளுக்கு யார் யார் என்று தெரிந்திருக்குமா என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். உங்களைத் தவிர வேறு யாரிடமும் இதைக் கேட்க முடியாது.

பெரியவளிடம் என்ன சொல்வதென்று எனக்கும் தெரியவில்லை. மாமாவுக்கும் தெரியலையாம் என்று சொல்லுங்கள்.

மச்சான்


செப்டம்பர் 20

மச்சானுக்கு,

கண்ணாடி இல்லாமல் அவளுடைய பவருக்கு அந்தத் தூரத்தில் ஆள் அடையாளம் தெரியாது. கரையில் ஏதோ அசைவது தெரிந்திருக்கும். மேலே இருந்தது நீங்கள், அடியில் கிடந்தது நான் என்று தெரிந்திருக்காது. இதை உங்கள் மனசு ஆறட்டும் என்று எழுதவில்லை. கேட்டீர்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்.

பொய் எழுதாமல் விட்டதற்கு நன்றி.

சின்னவன் தலையில் தண்ணீர் ஊற்ற விடுவதில்லை. ஈரத் துணியால் துடைத்துத்தான் பள்ளிக்கூடம் அனுப்புகிறேன். மற்றப் பிள்ளைகள் ஏதோ சொல்லியிருக்கிறார்கள், அடித்துவிட்டு வந்திருக்கிறான். பெரியவள் தானே பின்னிக்கொள்கிறாள். வகிடு நேராக வருவதில்லை. நான் சரி பண்ணப் போனால் தலையை இழுத்துக்கொள்கிறாள். நேற்று நான் வைத்த சாம்பாரைச் சாப்பிட்டுவிட்டு, "அம்மாதுல பாதி இருக்குப்பா" என்றாள். இந்த வீட்டில் இப்போதைக்கு அதுதான் பாராட்டு.

வீட்டில் அக்காவைக் கேட்டதாகச் சொல்லவும்.


நவம்பர் 8

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

பாதி வந்துவிட்டதென்றால் மீதியும் வந்துவிடும், புளியைக் கொஞ்சம் குறைத்துப் பாருங்கள் என்று என் வீட்டுக்காரி சொல்லச் சொன்னாள். உங்கள் கடிதத்தை அவள்தான் பத்து தடவை படித்தாள்.

ஒரு விஷயம் எழுத வேண்டும். கடலோரப் பாதுகாப்பு அலுவலகத்துக்கு நடையாக நடந்தேன், அந்தத் தகர போர்டை மாற்ற அனுமதி கேட்டு. அங்கே ஓர் அதிகாரி அம்மா உட்கார வைத்துப் பொறுமையாகச் சொன்னார். கரைக்கு வந்த தண்ணீரெல்லாம் எந்த வழியாகவாவது திரும்பிப் போக வேண்டுமாம். அது போகிற வழிதான் நுரை இல்லாமல் அமைதியாகத் தெரிகிற இடமாம். அங்கே அலை உடையாது, ஆனால் தண்ணீர் ஆறு மாதிரி கடலுக்குள் ஓடும். நாம் பத்திரமான இடம் என்று நினைப்பதுதான் அந்தக் கடற்கரையிலேயே மோசமான இடம்.

அதை எதிர்த்து நேராகக் கரைக்கு நீந்தவே கூடாதாம். எவ்வளவு பெரிய நீச்சல்காரனும் சோர்ந்துபோவானாம். பதறாமல் மிதக்க வேண்டும், முடிந்தால் கரையை ஒட்டிப் பக்கவாட்டில் நகர்ந்து இழுப்பை விட்டு வெளியே வந்து, அப்புறம் அலையோடு வர வேண்டும். உங்களை மணலில் தள்ளுவதற்கு முன்னால் நாம் இரண்டு பேரும் "நேரா வா, நேரா வா" என்றுதானே கத்தினோம். அவள் நம் பேச்சைக் கேட்டாள், மாப்பிள்ளை. நேராகத்தான் நீந்தினாள்.

இதை உங்களுக்கு எழுதுவதா வேண்டாமா என்று இரண்டு வாரம் தள்ளிப் போட்டேன். பொய் எழுதாததற்கு நன்றி சொன்னவரிடம் மறைக்கக் கூடாது என்று எழுதிவிட்டேன்.

அனுமதி கிடைத்துவிட்டது. புது போர்டு வைக்கப் போகிறேன். ஆனால் என் தொழில் எனக்குத் தெரியும். எழுத்தை யாரும் படிப்பதில்லை, முகத்தைத்தான் பார்க்கிறார்கள். முகம் இருந்தால் நின்று கீழே என்ன எழுதியிருக்கிறது என்று படிப்பார்கள். உங்கள் கடை வாசலில் சிரித்துக்கொண்டு நிற்பாளே, அந்தப் படத்தைப் போடலாமா? உங்கள் சம்மதம் வேண்டும்.

உங்கள்
மச்சான்


நவம்பர் 17

மச்சானுக்கு,

வேண்டாம்.

அதில் துண்டைக் காயப்போடுவார்கள் என்று நீங்கள்தான் எழுதினீர்கள். அவள் முகத்தின் மேல் யாருடைய ஈரத் துண்டோ தொங்கும். பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். வருகிறவன் போகிறவன் எல்லாம், ஐயோ பாவம், சின்ன வயசு என்பான். அவள் எனக்கு மனைவி. என் பிள்ளைகளுக்கு அம்மா. ஊருக்கு எச்சரிக்கை இல்லை.

எழுத்து மட்டும் வையுங்கள். நீங்கள் நன்றாகத்தான் எழுதுவீர்கள்.

நேராக வரச் சொல்லிக் கத்தியதைப் பற்றி இனி எழுதாதீர்கள். நான் அதை நினைத்துக்கொண்டேதான் இருக்கிறேன். நீங்கள் வேறு எழுத வேண்டியதில்லை.


பிப்ரவரி 16

மாப்பிள்ளைக்கு,

இதைப் படித்துவிட்டு நீங்கள் என்னைத் திட்டத்தான் போகிறீர்கள். திட்டுங்கள்.

எழுத்து மட்டும் வைத்த போர்டு டிசம்பரிலேயே நட்டாகிவிட்டது. மஞ்சள் பின்னணி, கறுப்பு எழுத்து. என் கையாலேயே இதைவிட நன்றாக எழுதியதில்லை. போன ஞாயிற்றுக்கிழமை கல்லூரிப் பையன்கள் ஏழெட்டுப் பேர் வந்தார்கள். அன்றைக்கு ஒரு கடைத் திறப்பு விழா வேலை, நான் கடற்கரைக்குப் போகவில்லை. அதே இடத்தில் ஒருவனை இழுத்துக்கொண்டு போயிருக்கிறது. அவன் சிநேகிதன் ஒருவன் காப்பாற்றுகிறேன் என்று பின்னாலேயே போயிருக்கிறான். இரண்டு பேரும் வரவில்லை. நான் போய்ச் சேர்ந்தபோது மற்றப் பையன்கள் மணலில் உட்கார்ந்திருந்தார்கள். போர்டில் அவர்களுடைய துண்டுகள் வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தன. செத்த பையன்களின் துண்டும் அதில் இருந்தது. எது யாருடையது என்று கேட்டு எடுத்து மடித்துக் கொடுத்தேன்.

மறுநாள் கடையைத் திறக்கவில்லை. என்னிடம் இருந்த அவள் படத்தைப் பெரிதாக்கிப் பழைய போர்டைக் கழற்றிவிட்டுப் புது போர்டு வைத்துவிட்டேன். ஆள் உயரம், கீழே அதே எழுத்து. சுற்றிக் கம்பி வேலி போட்டிருக்கிறேன், துண்டு போட முடியாது. கேட்டால் நீங்கள் மறுபடியும் வேண்டாம் என்பீர்கள். அதனால் கேட்கவில்லை. உங்கள் பேச்சை மீறிவிட்டேன். அவளுக்கு நான் அண்ணன், அந்த உரிமையில் செய்தேன் என்று சொல்ல மாட்டேன். உரிமை உங்களுடையதுதான். தெரிந்தேதான் செய்தேன்.

மச்சான்


மார்ச் 12

மச்சானுக்கு,

போன வாரம் அங்கே வந்தேன். உங்களுக்குச் சொல்லவில்லை. பிள்ளைகளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டுத் தனியாக வந்தேன். பையில் ஸ்க்ரூ டிரைவரும் சுத்தியலும் இருந்தன. போர்டைக் கழற்றிக் கையோடு கொண்டுபோய்விடுவது என்றுதான் வந்தேன். கழற்ற முடியாவிட்டால் உடைப்பது.

தூரத்தில் வரும்போதே அவள் தெரிந்தாள். எங்கள் கடையில் கண் பரிசோதனைக்கு எழுத்தைப் படிக்க உட்காரவைக்கிற தூரத்தைப் போலப் பல மடங்கு தள்ளி நின்றேன். அங்கிருந்தும் சிரிப்பது தெரிந்தது. கிட்டே போக வெகு நேரம் ஆயிற்று.

ஒரு பெண் போர்டு பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டாள். நான் சொன்னது நடந்தது. இரண்டு பையன்கள் "அழகா இருக்காங்கடா" என்று சொல்லிக்கொண்டு போனார்கள். பையிலிருந்து சுத்தியலை எடுத்துவிட்டேன். அப்போது ஒரு குடும்பம் வந்தது. கணவன், மனைவி, தோளில் ஒரு குழந்தை. அந்தப் பெண் நின்று முழுவதும் படித்தாள், கடைசி வரி வரைக்கும். பிறகு கடலைப் பார்த்தாள். நுரை இல்லாத அந்த இடத்தைக் கை நீட்டிக் கணவனுக்குக் காட்டினாள். அவர்கள் மணலிலேயே உட்கார்ந்து கொண்டுவந்ததைச் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். தண்ணீர்ப் பக்கமே போகவில்லை. அவர்கள் எழுந்து போகும் வரை நான் அங்கேயே நின்றேன். சுத்தியல் கையில் இருந்தது. அந்த ஆள் என்னை ஏதோ வேலைக்காரன் என்று நினைத்து, "போர்டுல ஏதாவது ரிப்பேரா?" என்று கேட்டார். இல்லை என்றேன்.

போர்டு இருக்கட்டும். எடுக்க வேண்டாம்.

திரும்பும்போது உங்கள் கடை வழியாகத்தான் நடந்தேன். கதவு திறந்திருந்தது. நீங்கள் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்து ஏதோ எழுதிக்கொண்டிருந்தீர்கள். இளைத்துவிட்டீர்கள். கூப்பிடலாம் என்று வாசல் வரை வந்தேன். உங்கள் தோளைப் பார்த்ததும் என் முதுகில் அந்த எடை வந்துவிட்டது. வாயில் மணல் வந்துவிட்டது. என்னால் முடியவில்லை. நீங்கள் செய்தது தப்பு இல்லை என்று எனக்குத் தெரியும், மச்சான். இப்போது அங்கே வந்துதான் தெரிந்தது என்றும் இல்லை, ரொம்ப நாளாகவே தெரியும். தெரிந்தும் உங்கள் எதிரில் உட்கார்ந்து ஒரு வாய் டீ குடிக்க என்னால் முடியாது. எத்தனை வருஷம் போனாலும் முடியும் என்று தோன்றவில்லை. அதனால் இதோடு நிறுத்திக்கொள்வோம். பிள்ளைகள் வளர்ந்து அவர்களாக வந்தால் வரட்டும். தாய்மாமன் இல்லை என்று நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன். இதற்குப் பதில் வேண்டாம்.

போர்டில் ஒன்று குறைகிறது. தண்ணீரில் மாட்டிக்கொண்டவர் என்ன செய்ய வேண்டும் என்று எழுதியிருக்கிறீர்கள். கரையில் இருப்பவர் என்ன செய்ய வேண்டும் என்று எழுதவில்லை. அந்த இரண்டாவது பையனை யாராவது பிடித்திருக்க வேண்டும். கீழே கொஞ்சம் இடம் இருக்கிறது. அதில் இப்படி எழுதுங்கள்:

"கரையில் நிற்பவர்களுக்கு: யாரையாவது கடல் இழுத்தால் பின்னால் போகாதீர்கள். மிதக்கிற எதையாவது எறியுங்கள். உதவிக்கு ஆள் கூப்பிடுங்கள். பின்னால் போகப் பார்க்கிறவரைப் பிடித்துக்கொள்ளுங்கள். அவர் என்ன சொன்னாலும் விடாதீர்கள்."

இதை நீங்களாக எழுத மாட்டீர்கள் என்று தெரியும். அதனால்தான் நான் எழுதித் தருகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் தங்கச்சியின் கணவன்